ராட்டினத்தின் பூர்வீகம்

எளிய இயந்திரங்களில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு கூட்டு இயந்திரம் செய்து வரச் சொல்வது நடுநிலைப் பள்ளிகளில் வழக்கமான செயல்திட்டம். பிள்ளைக்குக் கொடுத்த வேலையைத் தெர்மாகோலும் பசையுமாக உட்கார்ந்து பெற்றோர் முடிப்பதும் வழக்கம்தான். பாடப்புத்தகம் ஆறு பெயர்களை அடுக்கும்: நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு. இந்த ஆறு எப்போதும் ஆறாக இருந்ததில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் எழுதிய பட்டியலில் ஐந்துதான்; அதில் சாய்தளம் இல்லை.

பாடம் கப்பியை ஒருபுறமும் சக்கர அச்சை மறுபுறமும் நிறுத்துகிறது. பேச்சுத் தமிழுக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை. கிணற்றின் குறுக்குச் சட்டத்தில் தொங்கும் உருளையும் ராட்டினம், நூல் நூற்பதும் ராட்டினம், திருவிழாத் திடலில் பிள்ளைகளைத் தூக்கிச் சுழற்றுவதும் ராட்டினம். திடலில் இருப்பது படுக்கையாகச் சுற்றினால் குடை ராட்டினம், நெட்டாகச் சுற்றினால் ரங்கராட்டினம். நூற்பதை ராட்டை என்றும் சொன்னார்கள்.

சொல் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அதன் முதலெழுத்தே சாட்சி. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் அகராதிகள் ‘இராட்டினம்’ என்று ஒரு படிக்கட்டு கட்டி ஏற்றிக்கொண்டன. பக்கத்தில் தெலுங்கில் ராட்னமு, கன்னடத்தில் ராட்டெ. இன்னும் வடக்கே போனால் மராத்தியில் ரஹாட், இந்தியில் ரஹட். இரண்டும் பிராகிருதத்தின் அரஹட்ட என்பதில் போய் முட்டுகின்றன. அதற்கும் பின்னால் சமஸ்கிருத அரகட்ட. ‘அர’ என்பது சக்கரத்தின் ஆரக்கால், ‘கட்ட’ என்பது குடத்தோடு தொடர்புடையது. ஆரக்காலும் குடமும் சேர்ந்தது எதுவோ அதுவே முதல் ராட்டினம்: விளிம்பில் வரிசையாகக் குடங்கள் கட்டிய நீர்ச்சக்கரம். சுற்றச் சுற்ற ஒரு பக்கம் குடம் நிரம்பி ஏறும், மறுபக்கம் காலியாக இறங்கும். பஞ்சதந்திரத்தில் கங்கதத்தன் என்ற தவளையரசன் தன் சொந்தங்களோடு சண்டையிட்டுக்கொண்டு கிணற்றை விட்டு வெளியேறுவது இந்தக் குடத்தில் தொற்றிக்கொண்டுதான். கதை சொன்னவர், கேட்டவர் இருவருக்கும் கிணற்றில் அப்படியொன்று சுற்றுவது அன்றாடக் காட்சி என்று இதிலிருந்து கொள்ளலாம்.

பெயர் தெற்கே வந்து சேர்ந்தபோது குடங்கள் உதிர்ந்துவிட்டன. சுழற்சி மட்டும் மிஞ்சியது. நம் கிணற்று ராட்டினம் பளுவைக் குறைப்பதே இல்லை. நிலைக்கப்பி அது, பத்துக் கிலோ வாளிக்குப் பத்துக் கிலோ இழுவையும், அச்சின் உராய்வுக்குக் கொஞ்சமும் கொடுத்தே ஆகவேண்டும். மேல்நோக்கித் தூக்க வேண்டியதைக் கீழ்நோக்கி இழுக்கவிடுகிறது, அவ்வளவுதான். உடம்பின் எடையைக் கயிற்றின் மேல் போடலாம் என்பதால் அதுவே பெரிய உதவி.

நூல் நூற்கும் ராட்டினத்தின் கதை வேறு. நூற்பு நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களிலேயே பருத்திப் பெண்டிர் உண்டு. நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும் கூர்ங்கம்பிக்குக் கதிர் என்று நல்ல தமிழ்ப் பெயரும் உண்டு. ஆனால் அந்தக் கதிரைச் சுழற்றும் சக்கரத்துக்கு மட்டும் பெயர் வடக்கிலிருந்து வந்தது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவில் நூற்புச் சக்கரத்துக்கு வரலாற்றாசிரியர்கள் காட்டும் பழைய சான்று கவிஞர் இசாமி 1350-இல் பாரசீக மொழியில் எழுதிய காவியம். கதிர் பழையது, சக்கரம் பின்னால் வந்து பூட்டிக்கொண்டது. ஒரு கூட்டு இயந்திரத்தின் எந்த உறுப்பு எப்போது சேர்ந்தது என்பதைப் பெயர்களே பிரித்துக் காட்டுகின்றன.

செயல்திட்டத்துக்கு ராட்டையைப் பரிந்துரைப்பேன். பழைய சைக்கிள் ரிம் ஒன்று, கைப்பிடி ஒன்று, கதிராகக் குடைக்கம்பி ஒன்று, ரிம்மையும் கதிரையும் இணைக்க முறுக்கிய நூல்கயிறு. ரிம்மின் குறுக்களவு 50 செ.மீ., கதிரில் கயிறு ஓடும் இடம் 1 செ.மீ. என்றால் கை ஒரு சுற்று சுற்ற, கதிர் ஏறக்குறைய 50 சுற்று சுற்றும். பஞ்சுப்பட்டையிலிருந்து வரும் இழையைக் கதிர்முனைக்குச் சாய்வாகப் பிடித்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் முனையிலிருந்து நழுவி ஒரு முறுக்கு ஏறும். செங்குத்தாகப் பிடித்தால் அதே சுழற்சி நூலைக் கதிரில் சுற்றிவிடும். இயந்திரம் என்றாலே கொஞ்சம் விசை போட்டுப் பெரிய பளு தூக்குவது என்று வகுப்பில் பதிந்துவிடுகிறது. ராட்டை அதற்கு நேர் எதிர்; விசையை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகிறது. பஞ்சை முறுக்க வலு எதற்கு?

கூட்டுவது என்றால் என்ன என்பது பெட்டி ராட்டையில் இன்னும் தெளிவு. காந்தி எரவாடா சிறையில் இருந்தபோது உருப்பெற்ற வடிவம் இது. பெரிய சக்கரத்துக்குப் பெட்டியில் இடமில்லை. ஆகவே இரண்டு சிறிய சக்கரங்கள். முதல் சக்கரம் இரண்டாவதை 5 மடங்கு வேகத்தில் ஓட்டி, இரண்டாவது கதிரை 15 மடங்கு வேகத்தில் ஓட்டினால், கைச்சுற்று ஒன்றுக்குக் கதிர்ச்சுற்று 75. மடங்குகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. பிள்ளைகள் இதைக் கையால் சுற்றி எண்ணிப் பார்க்கட்டும்.

காந்தியின் பிறந்த திதியைக் குஜராத்தில் ரேண்டியா பாரஸ் என்கிறார்கள். ராட்டை துவாதசி என்று பொருள். அந்த ரேண்டியாவும் நம் ராட்டையும் ஒரே அரகட்டத்தின் பேரப்பிள்ளைகள். இந்தி பேசுவோர் கையாளும் சர்க்கா தனிக் கிளை: சக்கரம் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது, நம் சக்கரத்துக்குத் தூரத்து உறவு. மேம்பட்ட கைராட்டைக்கு 1929-இல் அகில பாரத நூற்போர் சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தத் தேடல் நீண்டு, பிறகு பல கதிர்களும் ஆலை இயந்திரம் போல் பஞ்சை இழுத்து நீட்டும் உருளைகளும் சேர்ந்த ராட்டை ஒன்றைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கினார். அவர் பெயரில் பாதியை எடுத்து அதற்கு அம்பர் என்று வைத்தார்கள். 1950-களில் நாடெங்கும் பரவி அது ஊருக்குத் திரும்பி வந்தபோது, கதர்க் கூடங்களில் அம்பர் ராட்டை என்பதைவிட வடக்கத்திப் பெயரே அதனோடு ஒட்டிக்கொண்டது. அம்பர் சர்க்கா என்றே சொன்னார்கள்.