ஷேக் என்றால் யார்?

துபாயின் பெரிய நெடுஞ்சாலைக்கு ஷேக் சாயித் சாலை என்று பெயர். அங்கே வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் பலருடைய பாஸ்போர்ட்டிலும் பெயருக்கு முன்னால் ஷேக் உண்டு. அங்கே அது பட்டம். நம்மூரில் வெறும் பெயர்.

அரபியில் ஷேக் என்றால் முதலில் வயதானவர். வயதில் பெரியவர் குலத்துக்குப் பெரியவரானார், பிறகு தலைவரானார். நம் மூப்பனும் மூப்பனாரும் வந்த வழி இதுதான். 1820இல் வளைகுடாக் கடற்கரை ஷேக்குகளோடு பிரிட்டிஷார் ஒப்பந்தம் போட்டார்கள். யாரோடு கையெழுத்திட்டார்களோ அவர்கள் குடும்பத்தின் பிடி இறுகியது. இன்று ஆளும் வீட்டில் பிறந்த கைக்குழந்தையும் ஷேக், பெண்ணானால் ஷேக்கா. கிழவருக்கான சொல் தொட்டிலுக்கு வந்துவிட்டது! பக்கத்துச் சவூதியில் வழக்கமே வேறு: இளவரசர் அமீர், மார்க்க அறிஞரும் குலத்தலைவரும்தான் ஷேக்.

அமீர் என்றால் ஆணையிடுபவர். ஐரோப்பாவின் அட்மிரல் இந்தச் சொல்லின் வழிவந்தவர்தான். குவைத்தின் ஆட்சியாளர் 1961இல் நாடு விடுதலையானதும் அமீர் ஆனார். பஹ்ரைன் ஆட்சியாளர் 1971இல் அமீர், 2002இல் மன்னர். வேடிக்கை என்னவென்றால், 1971 டிசம்பர் 2இல் பிறந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் அமீர் என்ற பட்டத்தோடு ஆள்பவர் ஒருவரும் இல்லை. ஏழு பேருக்கும் பதவிப்பெயர் ஹாகிம், அதாவது ஆட்சியாளர். ஷேக் என்பது குடும்பத்தால் வருவது.

ஜெர்மனியின் கிராஃப் பட்டமும் இப்படி இடம் மாறியதுதான். ஃபிராங்க் அரசர்கள் நியமித்த அதிகாரிக்கு அந்தப் பெயர். எல்லையைக் காத்தவர் மார்க்கிராஃப், கோட்டையைக் காத்தவர் புர்க்கிராஃப். பதவி பரம்பரைச் சொத்தாயிற்று. 1919 வைமர் அரசியல் சட்டம் பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. பட்டத்தைக் குடும்பப் பெயரின் பகுதியாக மட்டும் விட்டுவைத்தது. இன்று ஒருவர் பெயரில் கிராஃப் இருந்தால் அதற்கென்று தனி உரிமை எதுவும் கிடையாது.

தமிழ்க் கரையில் அதற்குச் சட்டமே தேவைப்படவில்லை. ஞானாசிரியரை ஷேக் என்று அழைக்கும் சூஃபி வழக்கம் இங்கே வேரூன்றியது. சொல் ஆட்பெயராகவே கலந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் கொடைவள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் ஷேக் அப்துல் காதர்.

நம் பத்திரிகைகளோ வெள்ளை அங்கி போட்ட அரபியர் எல்லாரையும் ஷேக் ஆக்கிவிடுகின்றன. போதாததற்கு ‘துபாய் மன்னர்’ என்றும் எழுதுகின்றன. வளைகுடா அரபு நாடுகளில் மன்னர் இருப்பது சவூதியிலும் பஹ்ரைனிலும்தான். கத்தாரிலும் குவைத்திலும் அமீர், ஓமானில் சுல்தான், துபாயில் ஆட்சியாளர். செய்தி எழுதுபவர்கள் இதையாவது சரியாக எழுதலாம்.