முதலில் வழக்குரை, பிறகுதான் குளிர்த்தி

வைகாசி பிறந்தால் மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மன் சடங்குக் காலம். சடங்கு நாட்களில் கண்ணகி வழக்குரை பாடுவார்கள். முடிவில் குளிர்த்தி நடக்கும். அநியாயமாகப் புருஷனைப் பறிகொடுத்து மதுரையை எரித்த ஒரு பெண்ணின் கோபத்தை ஊரே கூடி ஆற்றுகிற சடங்கு அது. இதிலே ஒரு ஒழுங்கு இருக்கு. அரசனுக்கு முன்னால் அவள் தன் வழக்கைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளைக் குளிர வைக்கிறார்கள்.

உளவடு, ஆற்றுப்படுத்தல் என்று இப்ப நாங்கள் கதைக்கிற விஷயங்களை இந்த ஒழுங்கோடு வைத்துப் பார்க்கலாம்.

1990 கிழக்கை உலுக்கிய வருஷம். ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. உடல் கிடைக்காத ஆளுக்கு எப்படி அந்தியேட்டி செய்வது? மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? வெளியில் கேட்கவே சனத்துக்குப் பயம்.

அந்தச் சனம் அம்மன் கோயில்களுக்குப் போனது. அங்கே தெய்வமாடுகிறவர்களிடம் தாய்மார் வாக்குக் கேட்டார்கள்: பிள்ளை உயிரோடு இருக்கிறானா? 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். காணாமல் போனவர் பட்ட வதையைத் தெய்வமாடுகிறவர் தன் உடம்பிலேயே காட்டுவாராம். வீட்டில்கூட மெதுவாகக் கதைத்த துயரத்தை அந்தக் கோயில் முற்றத்தில் ஊர் முழுக்கப் பார்த்தது.

பிள்ளைகளுக்கான இடம் 1996இல் மட்டக்களப்பு நகரில் உருவானது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா அது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டி நடித்தார்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று பிள்ளையை நெருக்கத் தேவையில்லை. சொல்ல வராததைக் கை செய்து காட்டும்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் இதே திசையில்தான் யோசித்தார். யுத்தம் தனி மனிதரை மட்டுமில்லை, சமூகத்தையே காயப்படுத்துகிறது என்றார். அதனால் மருந்தோடும் ஆலோசனையோடும் சடங்குகளும் எங்கட கலைகளும் வேணும் என்று வலியுறுத்தினார்.

இன்றைக்குப் பலர் எங்களுக்குக் குளிர்த்தியை மட்டும் தர வருகிறார்கள். இரண்டு நாள் பட்டறை, கொஞ்சம் வர்ணம், மூச்சுப்பயிற்சி, கடைசியில் "பழசை மறந்து முன்னுக்குப் போங்கோ." வர்ணமும் மூச்சும் நல்லதுதான். ஆனால் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தெருவோரம் போய் இருந்த தாய்மார் கேட்டது வேற: எங்கட பிள்ளைகள் எங்கே?

அதுதான் எங்கட காலத்து வழக்குரை. அதைக் கேட்டு ஒரு பதில் வரும்வரைக்கும் எந்த வேப்பிலைத் தண்ணியும் அவர்களைக் குளிர வைக்காது. கலையோ உளவியலோ படித்து இந்த வேலைக்கு வரப்போகிற நாங்கள் முதலில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்கப் பழகவேணும்.