கம்பி மெலிந்த கதை

ஜிம்மில் ரெண்டு பேர் சேர்ந்தால் கிளம்புகிற பழைய சண்டை ஒன்று உண்டு. முன்கைக்குத் தனியாகப் பயிற்சி செய்யணுமா, வேண்டாமா? "டெட்லிஃப்ட், புல்-அப்ஸ் எல்லாம் பண்றியே, அதுலயே வந்துடும்"னு ஒரு கட்சி. "ரிஸ்ட் கர்ல் போடலைன்னா முழங்கைக்குக் கீழ முருங்கைக்காய்தான்"னு எதிர்க்கட்சி. ரெண்டு கட்சியும் ஒரு விஷயத்தை மறந்துடறாங்க. கையில் பிடிக்கிற கம்பி எப்பவும் இப்போ இருக்கிற மாதிரி இருந்ததில்லை.

முதல்ல ஒரு சின்ன உடற்கூறு. நம்ம விரல்களுக்குள்ளே தசை கிடையாது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் எல்லாம் முன்கையில் உட்கார்ந்திருக்கு. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகுது, பொம்மலாட்டக் கயிறு மாதிரி. ஆக, பிடி என்பதும் முன்கை என்பதும் பெரும்பாலும் ஒரே ஆசாமிதான்.

இப்போ பிரான்சுக்குப் போவோம். அப்போலோன் என்ற மேடைப் பெயரில் லூயி யூனி (1862-1928) என்று ஒரு பயில்வான். அவருடைய சொத்து, ரெண்டு ரயில் சக்கரங்களை ஓர் இரும்பு அச்சில் கோத்த ஒரு வஸ்து. எடை சுமார் 166 கிலோ. இது ஒன்றும் பூதாகாரமான எடை இல்லை. வில்லங்கம் அச்சில் இருந்தது. கனம் கிட்டத்தட்ட 49 மில்லிமீட்டர். இன்றைய ஒலிம்பிக் ஆண்கள் கம்பி 28 தான். போதாக்குறைக்கு அச்சு தனியாகச் சுழலாது, சக்கரத்தோடு சேர்ந்தே திரும்பும். விரல் முழுசாகச் சுற்றி வராத கம்பி, கைக்குள்ளே திரும்பவும் பார்த்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை ஜான் டேவிஸ் காட்டினார். அமெரிக்கர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம். அங்கே அவர் கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கியது 177.5 கிலோ. மறு வருஷம், 1949ல், பாரிஸில் அப்போலோனின் சக்கரங்களைத் தூக்க வந்தார். தன் எடையைவிட 11 கிலோ கம்மிதானே! ஆனால் டேவிஸுக்குக் கை சின்னது, கம்பி நழுவிக்கிட்டே இருந்தது. கடைசியில் ஒரு கையை மேல் பிடியாகவும் இன்னொன்றைக் கீழ்ப் பிடியாகவும் வைத்து இழுத்து, அந்தரத்தில் ஒரு கையை விட்டுத் திருப்பிப் பிடித்துத் தூக்கினார். படிக்கும்போதே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அவருக்கு முன்னே 1930ல் சார்ல் ரிகுலோவும், பின்னே 1954ல் நார்பர்ட் ஷெமான்ஸ்கியும் தூக்கினார்கள். மூணு பேருமே ஒலிம்பிக் தங்கக்காரங்க. முதுகும் தொடையும் தயாராக இருந்தும் முன்கை "முடியாது"ன்னு சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியலை.

இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் இதையே ஒத்தைக் கையில் வித்தையாக்கினார். அவருடைய டம்பெல் 78 கிலோ, பிடி சுமார் 60 மில்லிமீட்டர். முழுக்க ஒரே வார்ப்பு. தூக்க ஆரம்பித்ததும் உருண்டு விரலைப் பிரித்துவிடும். தூக்குகிறவருக்குப் பரிசு என்று சவால் விட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். (அதே ஜாடையில் எடை குறைந்த தம்பி டம்பெல்களும் அவரிடம் இருந்தன. பயில்வானுக்கும் வியாபாரம் முக்கியம் இல்லையா :-))

வியாபாரம் என்றதும் யூஜின் சாண்டோ. 1904-05ல் இந்தியாவுக்கும் வந்து போனவர். நம்ம சாண்டோ பனியனிலும், சாண்டோ சின்னப்பா தேவரின் பட்டத்திலும் இருப்பது இவர் பெயர்தான். இவர் விற்ற டம்பெல்லின் பிடி ரெண்டாகப் பிளந்திருக்கும், நடுவில் ஸ்பிரிங். அதை இறுக்கிப் பிடித்தபடியேதான் எல்லாப் பயிற்சியும் செய்யணும். வீட்டில் சும்மா எடை தூக்கினால் பிடி தானாக வந்துடும் என்று இவர் நம்பலை பாருங்க.

இதற்கப்புறம்தான் கம்பி மெலிகிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், ஜெர்மனியின் பெர்க் செய்த, முனை சுழலும் கம்பி. பளுதூக்குபவனுக்கு அது வரம். தட்டு தனியாகச் சுழலும், கையை முறுக்காது. சாதனை எடைகள் ஏறின. முன்கைக்கு மட்டும் வேலை குறைந்தது. பிற்காலத்தில் மெஷின்கள் வந்தன, மணிக்கட்டில் கட்டுகிற ஸ்ட்ராப் வந்தது. மிச்சமிருந்த வேலையும் போச்சு. வேலையைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் "முன்கை ஏன் வளரலை"ன்னு கேட்கிறோம்.

"தானா வந்துடும்" கட்சி சொல்வது ஸ்ட்ராப் இல்லாமல் கனமாகத் தூக்குகிறவனுக்கு மட்டும் முக்கால்வாசி உண்மை. மற்றவர்களுக்குத் தனிப் பயிற்சி வேணும் என்பதுதான் என் கட்சி. அழகுக்கு மட்டும் சொல்லலை. 2015ல் லான்செட் இதழில் 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது, இந்தியாவும் அதில் உண்டு. பிடியின் பலம் 5 கிலோ குறைந்தால் மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஸ்பிரிங்கை அமுக்கினால் ஆயுசு கூடும்னு இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வயசானபின் பஸ் கம்பியைப் பிடித்து நிற்க எது உதவும்னு யோசிக்கலாம்.

ரிஸ்ட் கர்லுக்குப் போகும் முன்னே ஸ்ட்ராப்பைக் கடைசி செட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க. கம்பியில் ஒரு டவலைச் சுற்றினால் அப்போலோனின் அச்சுக்குப் பக்கத்தில் வந்துடும். வழக்கமான எடையில் பாதியில் ஆரம்பிங்க. டவல் காய்ந்திருக்கணும், வேர்வை பட்டது வழுக்கும்.