ஒருமுறைக் கூலி

கொடிகாமத்தில், பருத்தித்துறை வீதி பிரியும் சந்திக்குச் சற்று அப்பால், மருமகன் முறையான இளைஞன் ஒருவன் திருமண ஒளிப்பதிவுத் தொழில் நடத்துகிறான். அண்மையில் நான் சென்றபோது, வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு இணையத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தான்.

"கலியாண வீடியோவுக்குப் பின்னால போடுற மியூசிக், மாமா. சினிமாப் பாட்டுப் போட்டால் யூடியூப் மறிச்சுப்போடும். இதுக்கு ராயல்டி இல்லை. ஒருக்காக் குடுத்தால் காணும்" என்றான்.

'ராயல்டி இல்லாத இசை' என்றால் இலவசம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஒருமுறை கட்டணம் செலுத்தினால், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்பதே பொருள். வாங்குபவருக்குக் கிடைப்பது அனுமதி மட்டுமே. உரிமை விற்பவரிடமே இருக்கும்.

ஆயத்த இசையை விற்கும் வாணிபம் பழையது. மேயர் டி வொல்ஃப் என்பவர் 1909இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம், மௌனப் படக் காட்சிகளுக்குப் பொருந்தும் இசைக்குறிப்புகளை வழங்கியது. பேசும்படம் வந்தபின் பதிவுசெய்த இசையையே வழங்கத் தொடங்கியது. ராயல்டியற்ற விற்பனை அதன் பிற்காலக் கிளை.

ஒருமுறைக் கூலியோடு கணக்கு முடிந்தது என்ற நிலையில்தான் நமது திரையிசைக் கலைஞர்களும் நெடுங்காலம் இருந்தனர். 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. ஊதியம் பெற்றுப் படத்துக்கு இசையமைத்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, உரிமை தயாரிப்பாளருக்கே என்றது அத்தீர்ப்பு. பாடுபவருக்குச் சட்டத்தில் இடமில்லாத குறையை நீதியரசர் கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பாக எழுதினார். பரிகாரம் வர 35 ஆண்டுகள் சென்றன. திரையரங்குக்கு வெளியேயான பயன்பாட்டில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு, அதை எழுதிக்கொடுத்தும் இழக்க முடியாது என்று 2012ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது.

'அன்னக்கிளி' வெளியான 1976ஐ அடுத்த ஆண்டுகளில், எங்கள் கலியாண வீடுகளில் தென்னைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி விடியுமுன்னே பாடத் தொடங்கிவிடும். பந்தற்காரருக்குக் கொடுத்தோம், ஒலிபெருக்கிக்காரருக்கு வாடகை கொடுத்தோம். இசையை ஆக்கியவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்ற எண்ணம் எங்களில் எவருக்கும் எழவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

"தாலிகட்டுக்கும் வெளிநாட்டு இசைதானோ?" என்று மருமகனிடம் கேட்டேன்.

"இல்லை மாமா. எங்கட நாதஸ்வரக்காரர் வாசிச்சதைப் பதிஞ்சு வைச்சிருக்கிறன். எல்லா வீடியோவுக்கும் அதுதான்."

"அவருக்கு என்ன குடுத்தனி?"

"அண்டைக்குக் கலியாண வீட்டுக்காரர் குடுத்தவைதானே" என்றவன், சற்றுநேரம் பேசாமலிருந்தான்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இசையை ஆக்கியவருக்கு மட்டுமன்றி அதை வாசித்தவருக்கும் உரிமை தருகிறது. முகம் தெரியாத வெளிநாட்டாருக்குப் பணம் கட்டும் மருமகன், பக்கத்து ஊர்க் கலைஞரிடம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. வாசித்தவரிடம் போய்த் தொகை பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள் என்றேன். 1977இல் நமது கலைஞர்களைக் கைவிட்டது அப்படி ஒரு தாள் இல்லாமைதான்.