நெல்லளந்து கொடுத்த இடம்

தென்னார்க்காட்டு எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே நடந்த வேதக் கல்லூரியில் மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். மாணவருக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லும், அதற்கென விட்ட நிலமும் அதிலேயே கண்டிருக்கிறது. சேர்க்கைக் கணக்கும் சோற்றுக் கணக்கும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

பிற்காலத்தில் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஜனத்தொகை பெருகப் பெருக அது ஒன்றே போதவில்லை. 1966-ல் மதுரையிலும், 1982-ல் கோவை, திருச்சியிலும் புதிய பல்கலைக்கழகங்கள் வந்தன. ஒரே கடையைப் பெரிசாக்கிக்கொண்டே போவதைவிட, ஜனங்கள் இருக்கும் பக்கம் கிளை திறப்பது மேல் என்பது வியாபாரிக்குத் தெரிந்த கணக்குதானே!

நம் தீவுகளுக்கு வருவோம். 1951-ல் அந்தமான் நிக்கோபாரில் 30,971 பேர். 2011-ல் 3,80,581 பேர். அறுபது வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு! போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1967-ல் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும், மாயாபந்தரில் 1990-ல் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியும் தொடங்கின. 2015-ல் 100 இடங்களுடன் மருத்துவக் கல்லூரி வந்தது. பட்டம் வழங்கியதோ கடலுக்கு அப்பாலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம்.

இடங்கள் கூடியது நல்லதுதான். ஆனால் பாராடாங் பிள்ளைக்கு அது எப்படிக் கைக்கு எட்டும்? தலைநகர் சுமார் 100 கிலோமீட்டர். நடுவில் ஜாரவா காப்புக்காடு. குறித்த நேரத்தில் மட்டும் வண்டிகளை வரிசையாக விடுவார்கள். தினமும் போய்வந்து படிக்கிற காரியமா இது? பையன்னா எப்படியாவது அனுப்பிடறோம், பொண்ணுன்னா, "எங்கே தங்கறது?" என்ற கேள்வியிலேயே பல வீடுகளில் படிப்பு நின்றுபோகிறது.

விடுதி இல்லாமல் கூட்டுகிற இடம் பட்டணத்துப் பிள்ளைக்குத்தான் கூடுகிறது. எனவே நம் சங்கம் அரசுக்கு மனுக் கொடுக்கும்போது, கல்லூரியில் இத்தனை இடம் என்று மட்டும் கேட்காமல், வெளித்தீவுப் பிள்ளைகளுக்கு விடுதியில் இத்தனை இடம், அதில் பெண்களுக்கு இத்தனை என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே கல்லில் வெட்டிய கணக்கைத்தான் நாம் காகிதத்தில் கேட்கிறோம்.