மதிலா, பாலமா? – குர்துபாவின் கலாஹொர்ரா கோபுரம்

குர்துபா என்றதும் நம் நெஞ்சில் எழுவது அந்நகரின் பெரிய பள்ளிவாசலே. 785ஆம் ஆண்டில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய அப்பள்ளியின் தூண்களையும் வளைவுகளையும் பற்றி எழுதாத ஏடில்லை. ஆனால் ஆற்றின் மறுகரையில், பாலத்தின் தென்முனையில் தனித்து நிற்கும் சிறு கோட்டை ஒன்றைப் பற்றி நாம் பேசுவது அரிது. கலாஹொர்ரா கோபுரம் என்பது அதன் பெயர். உருவில் சிறியதாயினும் அது நமக்குச் சொல்லும் செய்தி பெரிது.

கோபுரத்தின் கதையைப் பாலத்திலிருந்தே தொடங்க வேண்டும். குர்துபாவைத் தழுவி ஓடும் ஆற்றை ஸ்பானியர் குவாடல்கிவிர் என்பர். பேராறு எனப் பொருள்படும் ‘வாதில் கபீர்’ என்னும் அரபுப் பெயரே அவ்வாறு மருவிற்று. அதன் குறுக்கே ரோமானியர் கட்டிய பாலம், முஸ்லிம்கள் அங்கு வந்தபோது சிதைந்து கிடந்தது. நகர மதிலும் ஒரு பக்கம் இடிந்திருந்தது. அந்தலூஸின் ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக், எதை முதலில் செப்பனிடுவது என்று கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் கேட்டு எழுதினார். மதிலின் கற்களைக் கொண்டு பாலத்தைக் கட்டுக. மதிலைச் செங்கல்லால் அடைத்துக்கொள்க என்ற கருத்தில் கட்டளை வந்தது. ஹிஜ்ரி 101இல் நடந்தது இது. காவலுக்கு மதில் தேவைதான்; எனினும் மக்கள் நடமாடும் வழியே முந்தியது என்று அந்த நல்லாட்சியாளர் கண்டார்.

அப்பாலத்தைக் காக்க முஸ்லிம்கள் எழுப்பிய வாயிலே பின்னாளில் கலாஹொர்ரா ஆயிற்று. இரு சதுரக் கோபுரங்கள், அவற்றை இணைக்கும் ஒரு வளைவு. இதுவே அதன் முதல் தோற்றம். 1236இல் காஸ்டில் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியபோது வாயிலும் கைமாறியது.

நூற்றாண்டொன்று கழிந்தபின் காஸ்டிலில் உடன்பிறப்புப் போர் மூண்டது. மன்னர் பீட்ரோவை எதிர்த்து அவருடைய மாற்றாந்தாய் மகன் என்ரிக்கே கிளர்ந்தெழுந்தார். குர்துபா என்ரிக்கேயின் பக்கம் நின்றது. 1368இல் பீட்ரோவும் கிரனாடா சுல்தான் ஐந்தாம் முஹம்மதும் கூட்டாகப் படை நடத்தி வந்து நகரைத் தாக்கினர். கிறித்தவ மன்னரும் முஸ்லிம் சுல்தானும் ஓரணியில் நின்று ஒரு கிறித்தவ நகரை முற்றுகையிட்டனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்நாளைய போர்கள் எல்லாமே மதத்தின் பெயரால் நடந்தவை என எண்ணுவோர்க்கு இஃதொரு பாடம். வெற்றி பெற்ற என்ரிக்கே, 1369இல் மூன்றாவது கோபுரம் ஒன்றைச் சேர்த்து, உருளை வடிவான சுவர்களால் அனைத்தையும் பிணைத்துக் கோட்டையை வலுப்படுத்தினார். பாலத்தின் வாயில் போர் அரணாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் அதுவே சிறைக்கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண் குழந்தைகளின் பள்ளிக்கூடம். கைதிகள் அடைபட்ட சுவர்களுக்குள்ளே சிறுமியர் எழுத்துக் கற்றனர். 1931இல் ஸ்பெயின் அரசு அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1987இல் அது அந்தலூஸின் நாகரிகத்தைக் காட்டும் அருங்காட்சியகமாக மலர்ந்தது. இதனை அமைத்தவர், 1982இல் இஸ்லாத்தைத் தழுவிய பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரஜே கரோடி.

உள்ளே ஒரு கூடத்தில் நான்கு பேரறிஞர்களின் உருவங்கள் உள்ளன: இப்னு ருஷ்து, யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், ஸூஃபி ஞானி இப்னு அரபி, ‘அறிஞர்’ எனப் புகழ்பெற்ற காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ. நால்வரும் ஒருவர்பின் ஒருவராகப் பேசுவதைப் பார்வையாளர் கேட்கலாம். காண இனிய காட்சிதான். ஆனால் வரலாறு அத்துணை இனிமையானதன்று.

1148இல் முவஹ்ஹிதுகள் குர்துபாவைக் கைப்பற்றியபின் இப்னு மைமூனின் குடும்பம் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் எகிப்தில்தான் வாழ்வு கண்டார். இப்னு ருஷ்தை 1195இல் அவருடைய முஸ்லிம் ஆட்சியாளரே நாடு கடத்தினார். அவருடைய தத்துவ நூல்கள் தீக்கிரையாயின. 1198இல் மராக்கிஷில் மறைந்த அவரது உடலைப் பின்னர் குர்துபாவுக்குக் கொண்டுவந்தனர். சுமை விலங்கின் ஒரு பக்கம் ஜனாஸாவும், எடை சமமாக மறுபக்கம் அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டதை இப்னு அரபி நேரில் கண்டு பதிவு செய்துள்ளார். அல்ஃபோன்ஸோவோ அரபு நூல்களை ஆர்வத்தோடு மொழிபெயர்க்கச் செய்தவர். 1264இல் கிளர்ந்த தம் முஸ்லிம் குடிகளை ஊர்களிலிருந்து வெளியேற்றியவரும் அவரே.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. இப்னு மைமூனை இந்த அவையில் அமர்த்திய கரோடியே, பிற்காலத்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த கொடுமையை மறுத்து எழுதி, 1998இல் பிரெஞ்சு நீதிமன்றத்தின் தண்டனைக்கு ஆளானார். நல்லிணக்கத்தின் உருவங்களைச் செய்து வைப்பது எளிது. உண்மைக்குக் கட்டுப்பட்டு நிற்பதே அரிது.

அந்தலூஸைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பள்ளிவாசலின் தூண்களை எண்ணிக் காட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். எரிந்த நூல்களையும் ஊரை விட்டுப் போன குடும்பங்களையும் சேர்த்துச் சொன்னாலன்றி, அந்நாகரிகம் எதனால் உயர்ந்தது, எதனால் தளர்ந்தது என்று அவர்கள் அறிய மாட்டார்கள். வழியைத் திறந்தபோது குர்துபா வளர்ந்தது; அறிஞரைத் துரத்தியபோது இழந்தது.

மதிலா, பாலமா என்னும் கேள்வி ஹிஜ்ரி 101உடன் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையின் கையிலும் கற்கள் உள்ளன. அவற்றைக் கொண்டு எதைக் கட்டுவது என்பதே கேள்வி. உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் விடை நம் முன் இருக்கிறது.