திரட்டும் திரட்டியும்: தமிழ் வலைப்பதிவுப் பட்டியல்களும் அவற்றின் கருவிகளும்

புறத்திரட்டு என்னும் தொகைநூல் இல்லாதிருப்பின் முத்தொள்ளாயிரச் செய்யுள்களுள் பெரும்பாலானவை நமக்குக் கிட்டியிரா. மூலநூல் மறைந்த பின்னும், திரட்டியவர் தம் நோக்கத்திற்கேற்ப எடுத்துவைத்த பாடல்கள் எஞ்சின. அதே வினையடியிலிருந்து, இணையத்தில் எழுதப்படும் பதிவுகளை ஓரிடத்தில் வரிசைப்படுத்திக் காட்டும் நிரலுக்குத் 'திரட்டி' என்னும் பெயர் 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழக்கிற்கு வந்தது. உலாவு, உலாவி என்பது போன்ற ஆக்கமே இதுவும். இகரவிகுதி பெற்றுக் கருவிப்பெயராயிற்று. பெயர் ஒத்திருப்பினும் தொழில் ஒத்ததன்று. திரட்டு பாடலையே தன்னுள் வைத்துக்கொண்டது. திரட்டியோ, இடுகை இருக்கும் வீட்டின் கதவிலக்கத்தையும் முதல் சில வரிகளையும் மட்டும் குறித்துக்கொண்டது. வீடு இடிந்தபின் இலக்கத்தால் பயனில்லை.

2003ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் உரைநடையின் கணிசமான பகுதி வலைப்பதிவுகளில் எழுதப்பட்டது. கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும், பதிப்பாசிரியர் எவரும் திருத்தாமல், அவ்வளவு விரிவாக அதற்குமுன் எழுத்தில் இடம்பெற்றதில்லை. அவ்வெழுத்தைச் சென்றடைய அமைந்த வாயில்கள் எவ்வாறு தோன்றின, எழுதுவோர் தேர்ந்த கருவிகள் அவற்றை எவ்வாறு வரையறுத்தன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பட்டியல் தந்த வரையறை

1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் தம் பக்கத்தை 'வெப்லாக்' என அழைத்தார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அச்சொல்லை விளையாட்டாகப் பிரித்து 'வீ பிளாக்' என்று எழுதப்போக, 'பிளாக்' என்னும் குறுக்கம் நிலைத்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே முதற்பட்டியலும் தோன்றிவிட்டது. ஜெசி ஜேம்ஸ் காரெட் தம் பக்கத்தைப் போன்ற பிற பக்கங்களின் முகவரிகளைச் சேர்த்து 1998 நவம்பரில் கேமரன் பாரெட்டுக்கு அனுப்பினார். பாரெட் அதனை வெளியிட்டதும், அத்தகைய பக்கம் உடையோர் தாமாகவே முகவரி அனுப்பத் தொடங்கினர். 1999இன் தொடக்கத்தில் காரெட்டின் பட்டியலில் இருந்த பக்கங்கள் 23.

அவ்வாண்டின் முற்பகுதியில் பிரிஜிட் ஈட்டன் தாம் அறிந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வாயிற்பக்கம் அமைத்தார். சேர்க்கைக்கு அவர் வைத்த விதி ஒன்றே: பக்கம் நாளிட்ட குறிப்புகளால் ஆனதாக இருத்தல் வேண்டும். அகராதியியலார் இவ்விதியைக் கவனித்தல் தகும். பொருள், நடை, எழுதுவோரின் தகுதி ஆகியவற்றுள் எதுவும் இதில் இடம்பெறவில்லை. வடிவம் ஒன்றே இலக்கணமாயிற்று. ஓர் எழுத்துவகைக்கு இலக்கணம் வகுத்தவர் திறனாய்வாளராக இல்லாமல் பட்டியலாளராக இருந்தார் என்பதே இங்கு நினைக்கத்தக்கது.

சில மாதங்களில் கருவிகள் வந்தன. 1999 ஜூலையில் பிட்டாஸ், ஆகஸ்டில் பைரா நிறுவனத்தின் பிளாகர். நாளும் நேரமும் இடுதலைக் கருவியே செய்துதந்ததால், ஈட்டனின் விதி எழுதுவோரின் முயற்சியின்றியே நிறைவேறியது. முன்னர்ச் சுட்டிகளைத் தொகுத்துக் குறிப்பெழுதுவதே பெரும்பான்மை வழக்கமாக இருக்க, பிளாகர் காட்டிய வெற்றுப்பெட்டி நாட்குறிப்பெழுதத் தூண்டியது என்று ரெபெக்கா பிளட் 2000ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தார். 2001இல் மூவபிள் டைப்பும் 2003இல் வேர்டுபிரஸ்ஸும் வெளிவந்தன. இவற்றைச் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. மூவபிள் டைப்பின் மூன்றாம் பதிப்பு 2004இல் புதிய உரிம விதிகளோடு வந்தபோது, அதனை விடுத்துப் பலர் வேர்டுபிரஸ்ஸுக்கு மாறினர்.

தமிழில் முதலில் எழுந்த கேள்வி

தமிழில் எழுதப்புகுந்தோர் இவற்றுள் எது சிறந்தது என்னும் கேள்விக்கு வருமுன் வேறொரு கேள்வியைக் கடக்க வேண்டியிருந்தது. எழுத்தை எந்தக் குறிமுறையில் சேமிப்பது? மின்னஞ்சற் குழுக்களின் வழியே உருவான திஸ்கி ஒருபுறம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட டாப், டாம் ஆகியவை ஒருபுறம். ஈழத்தவரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பரவியிருந்த பாமினி ஒருபுறம். 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த ஒருங்குறி, விண்டோஸ் 2000 வரும்வரை பெரும்பாலோர்க்கு ஏட்டளவில்தான் இருந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர் ஒருங்குறிப் பக்கத்தைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. பல வேளை வெறுங்கட்டங்களே தெரிந்தன.

கையால் தொகுத்த பட்டியலுக்கு இவ்வேறுபாடு இடையூறாகவில்லை. 2003இல் தமிழ் வலைப்பதிவுகள் சிலவே இருந்தபோது தொகுப்பாளர் ஒவ்வொன்றையும் தாமே திறந்து பார்த்துப் பெயரும் முகவரியும் எழுதிவைக்க முடிந்தது. எக்குறிமுறையில் இருந்தாலும் பட்டியலில் இடம் உண்டு. எழுத்துருவை நிறுவிக்கொள்வது படிப்பவர் பாடு. மனிதக் கண்ணுக்கு எல்லாம் தமிழே.

2004இன் முற்பகுதியில் பிளாகர் இரண்டு மாற்றங்களைச் செய்தது. புதியன வந்ததைப் பிற நிரல்கள் அறிந்துகொள்ள உதவும் செய்தியோடையை இலவசமாகத் தந்தது. மே மாதத்தில் ஒவ்வோர் இடுகைக்கும் தனிப்பக்கமும், படிப்போர் கருத்தெழுதும் வசதியும் சேர்த்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். பதிவர் ஒருமுறை முகவரியைத் தந்துவிட்டால், நிரல் அவரது ஓடையைப் படித்து, புதிய இடுகையின் தலைப்பையும் தொடக்க வரிகளையும் முகப்பில் இட்டுவிடும். தேன்கூடு, தமிழ்வெளி முதலிய திரட்டிகள் பின்னர் வந்தன. 2006இல் தமிழ்மணம் அமெரிக்காவில் பதிவுபெற்ற அமைப்பொன்றின் பொறுப்புக்கு மாறியது.

இயந்திரம் படிக்கத் தொடங்கியதும் கண்ணின் தாராளம் போயிற்று. ஒரே முகப்பில் பலருடைய தலைப்புகள் அடுத்தடுத்து நிற்க வேண்டுமாயின் அவை ஒரே குறிமுறையில் அமைந்தாக வேண்டும். அது ஒருங்குறியாயிற்று. தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்து ஆணையிட்டது 2010 ஜூனில். எழுதுவோர் அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே மாறிவிட்டிருந்தனர் என்றால், அதற்கு மாநாட்டுத் தீர்மானங்களைவிட முகப்பில் தம் தலைப்பைக் காணவேண்டும் என்னும் விருப்பமே வலிய காரணம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

அம்மாற்றத்தை இயலச் செய்தவை சிறு கருவிகள். எ-கலப்பை என்னும் இலவச விசைப்பலகை நிரல், ஒலிபெயர்ப்பு முறைக்குப் பழகிய விரலை மாற்றாமலே திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குச் செல்ல உதவியது. சுரதாவின் பொங்குதமிழ், பாமினியிலும் திஸ்கியிலும் இருந்ததை ஒருங்குறிக்கு மாற்றியது. 2006இல் மறைந்த உமர் தம்பி ஆக்கிய தேனீ எழுத்துரு, படிப்பவர் எதையும் நிறுவாமலே பக்கத்தோடு தானே இறங்கித் தமிழைக் காட்டியது. புதிதாக வருவோர்க்கு இவற்றை அறிமுகப்படுத்துவதும் பதிவர் உலகின் அன்றாட வேலையாயிற்று.

ஆயினும் மாற்றத்தின் தழும்புகள் எழுத்தில் தங்கின. திஸ்கியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன் சேமிக்கப்படும். ஒருங்குறியில் மெய்க்குப் பின். ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்தவர் பலர். காலுக்குப் பதில் ரகரம் நிற்பதும் உண்டு. அக்காலப் பதிவுகளிலிருந்து சொற்றொகுதி அமைத்துச் சொல்லெண்ணிக்கை செய்வோர் இவற்றை ஒழுங்குபடுத்தாவிடில் ஒரே சொல் இரண்டு மூன்று சொற்களாக எண்ணப்படும்.

கலைச்சொற்கள்

திரட்டியின் முகப்பு ஒருவகையில் கலைச்சொற் பட்டறையாகவும் இருந்தது. பிளாகுக்கு 'வலைப்பூ', 'வலைப்பதிவு' என இரண்டு சொற்கள் எழுந்தன. முன்னது அழகு கருதியது. பின்னது 'லாக்' என்பதன் பதிவேட்டுப் பொருளைக் காத்ததோடு, பதிவர், பதிவுலகம் என மேலும் சொல்லாக்கவும் இடந்தந்தது. ஆயின் முழுத் தளத்தையும் தனிக் கட்டுரையையும் 'பதிவு' என்றே மக்கள் சொல்லத் தலைப்பட்டனர். இக்குழப்பத்தைத் தவிர்க்கத் தமிழ்மணம் தனிக்கட்டுரைக்கு 'இடுகை' என்னும் சொல்லை விடாது வழங்கியது. சொல் நல்ல சொல். இடு என்னும் வினையிலிருந்து இயல்பாக அமைந்தது. எனினும் பேச்சில் 'பதிவு போட்டேன்' என்பதே நிலைத்தது. 'பின்னூட்டம்', 'மறுமொழி' ஆகிய இரண்டும் இறுதிவரை போட்டியிட்டன; முன்னது ஆங்கிலத்தின் நேர் மொழிபெயர்ப்பு, பின்னது தமிழில் முன்பே உள்ள சொல். 'வார்ப்புரு', 'ஓடை' ஆகியன எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டன.

பிற இந்திய மொழிகளில் நேர்ந்தவையும் ஒப்புநோக்கத்தக்கன. இந்தியில் வலைப்பதிவுக்குச் 'சிட்டா' என்பது வழங்கிற்று. கணக்குக் குறிப்பேட்டைச் சுட்டும் இச்சொல்லே நம் வருவாய்த் துறையில் பட்டாவோடு இணைந்து வழங்கும் சிட்டா. இந்தித் திரட்டி ஒன்றுக்கு உலகெல்லாம் சுற்றிச் செய்தி சொல்லும் நாரதரின் பெயர் இடப்பட்டது. தெலுங்குத் திரட்டி 'கூடலி'. சங்கமம் என்னும் பொருளது, நம் கூடலோடு உறவுடையது. மலையாளிகள் பூலோகத்தின் முதலெழுத்தைச் சற்றே மாற்றிப் பதிவர் உலகையும் அதனுள் அடக்கிவிட்டனர். அச்சிலேடையை மொழிபெயர்க்க முயல்வோர்க்கு அனுதாபம் தெரிவிப்பதன்றி வேறு செய்தற்கில்லை.

தலைப்பறியா முகவரிகள்

கருவித் தேர்வின் விளைவுகளுள் அப்போது அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. பிளாகர் இடுகையின் முகவரியைத் தலைப்பிலிருந்து ஆக்கும். ஆனால் ரோமன் எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தலைப்பு முழுதும் தமிழாயின் எடுக்க எதுவும் இராது. எனவே முகவரி 'பிளாக்-போஸ்ட்' என்றும், அடுத்தது அதனோடு ஓர் எண் சேர்ந்தும் அமையும். விவரமறிந்த பதிவர் சிலர் முதலில் ஆங்கிலத் தலைப்பிட்டு வெளியிட்டுப் பின் தமிழுக்கு மாற்றுவர். ஏனையோருடைய நூற்றுக்கணக்கான கட்டுரைகள் பெயரற்ற எண்களாகவே நின்றன. வேர்டுபிரஸ் தமிழை ஏற்றது. ஆனால் ஒவ்வொரு குறியையும் ஒன்பது ரோமன் குறிகளாக விரித்து எழுதியது. முகவரிக்கு 200 குறி எல்லையாதலின் 22 தமிழ்க் குறிகளுக்குமேல் செல்லாது தலைப்பு நடுவில் முறிந்தது. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாதலால் அவ்விருபத்திரண்டும் மூன்று நான்கு சொற்களுக்கே போதும்.

2012இல் பிளாகர் நாட்டுக்கொரு முகவரி ஈறு என்னும் முறையைப் புகுத்தியது. இந்தியாவில் படிப்போர் 'காம்' ஈற்றுப் பக்கத்தைத் திறந்தால் 'இன்' ஈற்றிற்குத் திருப்பப்பட்டனர். ஒரே இடுகைக்கு இரண்டு முகவரிகள் உண்டாயின. படிப்போர் தம் உலாவியிற் கண்ட 'இன்' முகவரியையே பிரதி எடுத்துத் தம் கட்டுரைகளிலும் சுட்டினர். 2018இல் அம்முறை கைவிடப்பட்டது. 2020இல் அந்த 'இன்' பெயரின் உரிமையே கூகுளின் கையைவிட்டுப் போனது. அதனோடு, அவ்வீற்றைக் கொண்ட சுட்டிகளும் செயலிழந்தன.

இதற்கு முன்பே இழப்புகள் தொடங்கியிருந்தன. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது திஸ்கிக்காலத் தமிழ்ப் பக்கங்கள் பல மறைந்தன. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் நிறுத்தப்பட்டது. ஓடையைத் தாமே படிக்கும் பழக்கம் அதனோடு குறைந்தது. எழுதுவோரும் படிப்போரும் முகநூலுக்குச் சென்றனர். திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தன்னார்வத்தால், மாலை நேரங்களில், சொந்தச் செலவில் நடந்த பணிகள் அவை. நடத்தியோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பல்கலைக்கழகமோ நூலகமோ அவற்றின் தரவுத்தளத்தை உரிய காலத்தில் கேட்டுப் பெற்றிருக்கலாம் என்பதே மனக்குறை.

1865இல் ஜான் மர்டாக் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியல் இங்கு நினைவுக்கு வருகிறது. அதுவும் நூல்களைத் தன்னுள் கொண்டதன்று. எனினும் நூல்களைப் பொருள்வகையாற் பிரித்து விவரம் தந்தமையால், இன்று காணக்கிடைக்காத நூல்களைப் பற்றியும் அது நமக்குச் சிறிது சொல்கிறது. இணைய ஆவணக் காப்பகத்தில் தமிழ்மண முகப்பின் சில நாட்களுக்குரிய படிகள் உள்ளன. அவற்றில் தலைப்பும் பதிவர் பெயரும் தொடக்க வரிகளும் காணலாம். இடுகை அழிந்திருந்தால் அதன் தலைப்பைக் கூற இவ்வரிகளன்றி வேறு சான்று இராது. முகவரியில் இருப்பது ஓர் எண் மட்டுமே.

பழைய கட்டுரைகளில் மேற்கோள் தேடுவோர் 'இன்' என முடியும் பிளாகர் முகவரியைக் கண்டால் அதனைக் 'காம்' என மாற்றி இட்டுப் பார்க்கலாம். பதிவர் தம் பதிவை நீக்காதிருப்பின் இடுகை திறக்கும்.